அறிதுயிலும் பழக்க மாற்றமும்: ஆற்றல் யாரிடம் உள்ளது?

நாம் நன்கறிந்த ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளாகப் புகைபிடித்து வந்தவர். ரமழான் மாதத்தில் பகற்பொழுது முழுவதும் பெரிய சிரமம் எதுவுமின்றி அதனைத் தவிர்த்திருக்கும் அவர், நோன்பு துறந்த சில நிமிடங்களில் வாசலுக்குச் சென்று சிகரட்டைப் பற்றவைத்துவிடுவார். பலமுறை கைவிட முயன்று தோற்ற பின்னர், 'ஒரே அமர்வில் புகைப்பழக்கத்திலிருந்து விடுதலை' என விளம்பரம் செய்திருந்த ஹிப்னோட்டிச நிபுணர் ஒருவரை நாடிச் சென்றார். கணிசமான தொகை கைமாறியது. மூன்று வாரங்கள் அவர் புகைக்கவில்லை. பின்னர் ஒரு ஜனாஸா வீட்டில், இரவு வேளையில், பழைய நண்பர் ஒருவர் நீட்டியதை மறுக்காமல் வாங்கினார். மறுநாளிலிருந்து பழைய நிலையே திரும்பியது. இதனை நம்மிடம் கூறியபோது அவர் இரண்டு முடிவுகளுக்கு வந்திருந்தார். "அவர் எனக்குள் செலுத்திய சக்தி இறங்கிவிட்டது" என்பது ஒன்று. "எனக்கு மனவுறுதி கிடையாது, இனி முயல்வதில் பயனில்லை" என்பது மற்றொன்று.

இவ்விரு முடிவுகளும் பிழையானவை என்பதே நமது கருத்தாகும். முதலாவது, அறிதுயில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை அறியாமையால் எழுவது. இரண்டாவது, பழக்கம் எவ்வாறு உருவாகி நிலைபெறுகின்றது என்பதை அறியாமையால் எழுவது. ஒரு விடயத்தைப் பற்றிய தீர்ப்பு, அவ்விடயத்தைச் சரிவர விளங்கியிருப்பதிலேயே தங்கியுள்ளது என்பது நமது சட்ட அறிஞர்கள் நன்கறிந்த விதியாகும். அறிதுயில் பற்றிச் சட்டத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்தத் தீர்ப்புக்கும் முன்னர் தேவைப்படும் அந்த விளக்கத்தைத் தருவதற்கே இங்கு முயல்கின்றோம்.

பெயர்கள் தோற்றுவித்த மயக்கம்

இத்துறைக்கு வழங்கப்பட்ட பெயர்கள் யாவும் ஏதோவொரு வகையில் நம்மைத் திசைதிருப்பி வந்துள்ளன. 'ஹிப்னோஸ்' என்பது கிரேக்க மொழியில் துயிலைக் குறிக்கும் சொல். ஆனால் இந்நிலையில் இருப்பவர் உறங்குவதில்லை. அவரது மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து நோக்கினால் அவை விழித்திருக்கும் மனிதரின் அலைகளாகவே காணப்படுகின்றன. தமிழில் பரவலாக வழங்கும் 'மனோவசியம்' என்னும் சொல் இன்னும் கூடிய மயக்கத்தைத் தருகின்றது. ஒருவர் மற்றவரைத் தம் வசப்படுத்துகிறார், வசப்பட்டவர் தம் அறிவை இழந்து ஏவலுக்கு ஆட்படுகிறார் என்ற மாந்திரீகச் சாயல் அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. 'அறிதுயில்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லே உண்மைக்கு ஓரளவு நெருங்கி நிற்கின்றது. தோற்றத்தில் துயில், உள்ளே அறிவு விழித்திருக்கும் நிலை என அதனைப் பொருள் கொள்ளலாம். ஆகவே இக்கட்டுரையில் அச்சொல்லையே கையாள்கின்றோம்.

இந்நிலையின் அடித்தளமான உண்மை மிகப் பழமையானது. மனத்தில் ஆழப் பதிந்த ஒரு கற்பனை உடலை ஆளும் என்பதை இப்னு ஸீனா (980-1037) தமது 'அஷ்ஷிஃபா' நூலின் ஆன்மா பற்றிய பகுதியில் ஓர் எளிய உதாரணத்தால் விளக்கினார். தரையில் கிடக்கும் ஒரு மரப்பலகையின் மீது எவரும் தடுமாறாமல் நடந்து செல்வர். அதே பலகையை ஓர் ஆழமான பள்ளத்தின் குறுக்கே பாலமாக வைத்தால் நடப்பவரின் கால்கள் நடுங்குகின்றன. பலகையின் அகலம் மாறவில்லை, நடப்பவரின் கால்களும் மாறவில்லை. விழுந்துவிடுவோம் என்ற காட்சி உள்ளத்தில் எழுந்ததும் உறுப்புகள் அதற்குக் கீழ்ப்படிந்துவிடுகின்றன. வெளியிலிருந்து எந்தச் சக்தியும் அவருக்குள் புகவில்லை என்பதை இங்குக் கவனத்திற் கொள்ள வேண்டும். பின்வந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட விவாதத்தின் விடை இவ்வுதாரணத்திற்குள் ஏற்கனவே அடங்கியிருந்தது எனலாம்.

பாரிஸ் நகரின் விசாரணை

நவீன காலத்தில் இவ்விடயம் பொதுவெளிக்கு வந்தது ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர் (1734-1815) என்னும் மருத்துவரால் ஆகும். வியன்னாவிலிருந்து பாரிஸ் வந்து சேர்ந்த அவர், பிரபஞ்சம் எங்கும் நிறைந்த ஒருவகைக் காந்தத் திரவம் மனித உடலிலும் ஓடுகின்றது, அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய், அத்திரவத்தை நோயாளிக்குள் செலுத்தித் தடையை நீக்கலாம் எனக் கூறினார். அவரது சிகிச்சைக் கூடத்தில் நோயாளிகள் வலிப்புற்றனர், மயங்கினர், பின்னர் பலர் தாம் குணமடைந்ததாகவும் கூறினர்.

1784இல் பதினாறாம் லூயி மன்னர் இதனை ஆராய ஒரு குழுவை நியமித்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலாளர் லவாசியே, வானியலாளர் பெய்லி ஆகியோர் அதில் இடம்பெற்றனர். அக்குழு மேற்கொண்ட சோதனைகளுள் ஒன்று இன்றும் நினைவுகூரத் தக்கது. ஃபிராங்க்ளினின் இல்லத் தோட்டத்தில், மெஸ்மரின் மாணவரான டெஸ்லோன் ஒரேயொரு மரத்துக்கு மட்டும் காந்தமேற்றினார். பின்னர் கண்கள் கட்டப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அம்மரத்தைத் தவிர்த்து வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் செல்லப்பட்டான். ஒவ்வொரு மரத்தையும் அணைக்கும்போது அவனது உடற்குறிகள் தீவிரமடைந்தன. நான்காவது மரத்தின் அடியில் அவன் மயங்கி விழுந்தான். அம்மரத்துக்குக் காந்தம் ஏற்றப்பட்டிருக்கவேயில்லை.

காந்தத் திரவம் என்று ஒன்று இல்லை, விளைவுகளைத் தோற்றுவிப்பது கற்பனையே என்பது குழுவின் முடிவாயிற்று. சிறுவன் நடித்தான் என்று குழு கூறவில்லை. மயக்கம் உண்மையாக இருந்தது, அதற்குக் கூறப்பட்ட விளக்கமே பொய்யாக இருந்தது. இவ்வேறுபாட்டை மறந்தவர்கள் இரு சாராராகப் பிரிந்தனர். விளைவைக் கண்டவர்கள் சக்தியை நம்பினர், சக்தியை மறுத்தவர்கள் விளைவையும் மறுத்தனர்.

இந்த இடைவெளியை இணைத்தவர்களுள் ஒருவர் கோவாவில் 1756இல் பிறந்து பாரிஸில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி அபே ஃபரியா ஆவார். அவர் 1813 முதல் பாரிஸில் நடத்திய செயல்முறை விளக்கங்களில் காந்தத்தையோ திரவத்தையோ பயன்படுத்தவில்லை. நிகழ்வுக்கான காரணம் அதனை நடத்துபவரிடம் இல்லை, உட்படுபவரின் உள்ளத்திலேயே உள்ளது என அவர் வலியுறுத்தினார். கோவாவின் பனாஜி நகரில் அவருக்கு இன்றும் ஒரு சிலை உண்டு. அவருக்குப் பின், மான்செஸ்டரில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரெய்ட் (1795-1860) என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1841இல் ஒரு மெஸ்மெரிசக் காட்சியைக் காணச் சென்றார். மோசடியை வெளிப்படுத்தும் எண்ணத்துடன் சென்றவர், உட்பட்டவரின் இமைகள் உண்மையாகவே திறக்க இயலாதிருந்ததைக் கண்டு சிந்தித்தார். ஒளிரும் பொருளொன்றை இமைக்காமல் உற்றுநோக்கச் செய்வதன் மூலமே அதே நிலையை அவரால் தோற்றுவிக்க முடிந்தது. 1843இல் வெளியான தமது நூலின் வழியாக 'ஹிப்னோட்டிசம்' என்னும் சொல்லைப் பரவச் செய்தவர் அவரே. சில ஆண்டுகளில் அச்சொல்லின் குறைபாட்டை உணர்ந்து, ஒரே கருத்தில் மனம் குவிந்திருக்கும் நிலை என்ற பொருளில் வேறொரு பெயரை முன்மொழிந்தவரும் அவரே. ஆனால் அதற்குள் முதற்பெயர் நிலைத்துவிட்டது.

ஹூக்ளி இமாம்பாரா வைத்தியசாலை

இவ்வரலாற்றின் மிக வியப்பான அத்தியாயம் வங்காளத்தில் நிகழ்ந்தது. ஹாஜி முஹம்மது முஹ்ஸின் (1732-1812) என்னும் கொடைவள்ளல் தமது பெருஞ்செல்வத்தை 1806இல் வக்ஃபு செய்தார். அதன் வருமானத்தில் இயங்கிய அறநிலையங்களுள் ஹூக்ளியின் இமாம்பாரா வைத்தியசாலையும் ஒன்று. அங்குப் பொறுப்பாக இருந்த ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் எஸ்டெயில், 1845 ஏப்ரலில், விதைப்பையில் நீர் கோத்ததற்கான சிகிச்சையின்போது கடும் வேதனையில் துடித்த கைதி ஒருவர் மீது, நூல்களில் வாசித்திருந்த மெஸ்மெரிச முறையைப் பரீட்சித்துப் பார்த்தார். அதற்கு முன்னர் அம்முறையை அவர் நேரிற் கண்டதுகூட இல்லை. கைதியின் வேதனை அடங்கியது.

மயக்க மருந்து என்பது மருத்துவ உலகில் இன்னும் புழக்கத்துக்கு வராத காலம் அது. சத்திரசிகிச்சை என்றால் நோயாளியைப் பலர் அழுத்திப் பிடித்திருக்கக் கத்தி ஓடும். அத்தகைய காலத்தில், எட்டு மாதங்களில் நிகழ்த்திய 73 வலியற்ற சத்திரசிகிச்சைகளை எஸ்டெயில் 1846இல் வெளியான தமது நூலில் பட்டியலிட்டார். யானைக்கால் நோயால் விளைந்த பெருங்கட்டிகளை அகற்றியவையும் அவற்றுள் அடங்கும். வங்காள அரசாங்கம் குழுவொன்றை அமைத்து ஆராய்ந்து, கல்கத்தாவில் இதற்கெனப் பரீட்சார்த்த வைத்தியசாலை ஒன்றையும் ஏற்படுத்தியது. ஆனால் 1846 அக்டோபரில் போஸ்டனில் ஈதரும், 1847இல் எடின்பரோவில் குளோரோஃபோமும் சத்திரசிகிச்சைக்குப் பயன்படத் தொடங்கின. நோயாளியைத் தயார்ப்படுத்தப் பல மணி நேரம் எடுத்த முறையைச் சில நிமிடங்களில் வேலைசெய்யும் மருந்து பின்தள்ளியது இயல்பே.

எஸ்டெயில் தம் இறுதிவரை, தம் கைகளிலிருந்து ஏதோ ஒன்று நோயாளிக்குள் பாய்கின்றது என்றே நம்பினார். அவர் கண்ட விளைவு உண்மை, கொண்ட விளக்கம் பிழை. பாரிஸ் தோட்டத்துச் சிறுவனுக்கு நேர்ந்ததும் ஹூக்ளி நோயாளிகளுக்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே. முன்னவனின் கற்பனை அவனை வீழ்த்தியது, பின்னவர்களின் மனக்குவிப்பும் எதிர்பார்ப்பும் அவர்களது வலியைத் தணித்தன.

உள்ளத்தில் நிகழ்வது என்ன?

இன்று மருத்துவ முறையில் நிகழும் ஓர் அறிதுயில் அமர்வு மிக எளிமையானது. முதலில் சிகிச்சையாளர் நோயாளியுடன் உரையாடி அவரது நோக்கத்தைத் தெளிவுபடுத்திக் கொள்கின்றார். பின்னர் ஒரு புள்ளியையோ தன் மூச்சையோ அவதானிக்கச் செய்து, படிப்படியாகப் புறக் கவனத்தைக் குறைத்து, உடலைத் தளரச் செய்கின்றார். மனம் ஒன்றில் குவிந்தபின் கருத்தேற்றம் நிகழ்கின்றது. அதாவது, விரும்பப்படும் மாற்றம் சொற்களாலும் காட்சிகளாலும் உள்ளத்தில் வைக்கப்படுகின்றது. இறுதியில் நோயாளி வழமையான நிலைக்கு மீட்டுக் கொண்டுவரப்படுகின்றார். நல்ல நாவலொன்றில் ஆழ்ந்திருப்பவர் தன் பெயரை ஒருவர் அழைத்ததைக் கேளாதிருப்பதும், நெடுந்தூரம் வாகனம் ஓட்டியவர் கடந்து வந்த வழியை நினைவுகூர இயலாதிருப்பதும் நமக்குப் புதியனவல்ல. அறிதுயில் இத்தகைய ஒன்றிப்பின் திட்டமிட்ட வடிவமாகும்.

எல்லா மனிதரும் இதற்கு ஒரே அளவில் வசதிப்படுவதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வைற்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959இல் வெளியிட்ட அளவுகோல், கருத்தேற்றத்தை ஏற்கும் திறனை அளக்க வழிசெய்தது. மக்களுள் சிறுபகுதியினரே மிக உயர்ந்த ஏற்புத்திறன் உடையவர்கள், பெரும்பான்மையினர் நடுத்தர நிலையினர், மற்றொரு சிறுபகுதியினருக்கு ஏறக்குறைய எதுவும் நிகழ்வதில்லை. அதே மனிதரை 25 ஆண்டுகளின் பின் மீண்டும் அளந்தபோதும் மதிப்பெண்கள் பெருமளவு மாறாதிருந்தன என 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. இது அடிமனப்பான்மையோ அறிவுக் குறைவோ அன்று. ஆற்றல் நடத்துபவரிடமிருந்து பாய்வதாயின், ஒரே நடத்துபவர் முன் அமர்ந்த இருவருக்கு இருவேறு விளைவு ஏற்படக் காரணமில்லை.

மூளைப் படப்பிடிப்பு முறைகள் வந்தபின் இதற்கு வேறுவகைச் சான்றும் கிடைத்தது. மொன்றியல் நகரில் ரெய்ன்வில்லும் அவரது சகாக்களும் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றியோர் வலிதரும் அளவு சூடான நீரில் கையை வைத்திருந்தனர். வலி அவ்வளவு துன்பமானதன்று என்று கருத்தேற்றம் செய்யப்பட்டபோது, வலியின் துன்ப உணர்வோடு தொடர்புடைய முன்புற சிங்குலேட் பகுதியின் செயற்பாடு குறைந்தது. தொடு உணர்வைப் பதிவுசெய்யும் புறணிப் பகுதியில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. நோயாளி சிகிச்சையாளரை மகிழ்விப்பதற்காக 'வலிக்கவில்லை' எனக் கூறுகிறார் என்ற சந்தேகத்துக்கு இது வலுவான மறுப்பாக அமைந்தது. ஆயினும், அறிதுயில் என்பது தனியானதொரு மனநிலையா, அல்லது எதிர்பார்ப்பும் ஒத்துழைப்பும் கற்பனையும் சேர்ந்து தோற்றுவிக்கும் நடத்தையா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. ஆனால் உடலிலிருந்து உடலுக்குப் பாயும் சக்தி பற்றி இரு தரப்பினரும் பேசுவதில்லை.

பழக்கம் என்னும் தடம்

இனி இரண்டாவது விடயத்துக்கு வருவோம். ஒரு செயல் அதே சூழலில் மீண்டும் மீண்டும் நிகழும்போது அது சிந்தனையின் பொறுப்பிலிருந்து படிப்படியாக விலகி, சூழலின் பொறுப்புக்கு மாறிவிடுகின்றது. காலைத் தேநீர், பேருந்துத் தரிப்பிடம், நண்பரின் முகம் என ஏதோவொன்று தூண்டுகின்றது, கை தானாகச் சட்டைப்பைக்குச் செல்கின்றது. இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) 'இஹ்யா'வில் நற்குணங்களைப் பயிற்றுவிப்பது பற்றி எழுதும்போது எழுத்துக்கலையை உதாரணமாக எடுத்தாள்கின்றார். சிறந்த எழுத்தராக விரும்புபவர், தொடக்கத்தில் வலிந்தேனும் எழுத்தர் செய்வதைத் தம் கையால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஈற்றில் அது அவரது இயல்பாகவே மாறிவிடும். பழக்கத்தின் பிடியிலிருந்து விடுபடும் வழியும் இதுவே என்பதை நவீன ஆய்வுகளும் உணர்த்துகின்றன. இலண்டனில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயலொன்று தானியங்கு நிலையை எட்ட எடுத்த காலம் 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. நடுத்தர அளவு 66 நாட்கள். ஒருநாள் தவறிவிடுவது அம்முன்னேற்றத்தைக் குலைக்கவில்லை என்பதும் அதில் தெரியவந்தது.

நமது நண்பர் ரமழான் பகல்களில் சிரமமின்றி இருந்தது இங்கு விளக்கம் பெறுகின்றது. வேட்கை என்பது இரத்தத்தில் நிக்கோட்டின் குறைவதால் மட்டும் எழுவதன்று, வாய்ப்பை எதிர்பார்ப்பதாலும் எழுகின்றது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூவன் டாரின் குழு, புகைபிடிக்கும் விமானப் பணிப்பெண்களையும் பணியாளர்களையும் ஆராய்ந்து 2010இல் ஒரு முடிவை வெளியிட்டது. குறுகிய பயணத்தின் முடிவில் அவர்களிடம் காணப்பட்ட வேட்கை, நெடும்பயணத்தில் அதே நேரம் கடந்திருந்தபோது காணப்பட்ட வேட்கையை விட அதிகமாக இருந்தது. புகைக்காதிருந்த நேரம் ஒன்றே, தரையிறங்கும் எதிர்பார்ப்பே வேறுபட்டது. மஃரிப் வரை வாய்ப்பில்லை என உள்ளம் உறுதியாக ஏற்றுக்கொண்ட பகலில் வேட்கை தணிந்திருப்பதும், பாங்கொலி நெருங்கும்போது அது தலைதூக்குவதும் இவ்வகையினவே.

எதிர்பார்ப்பும் கவனமும் கற்பனையும் வேட்கையை ஆளுமாயின், அவற்றையே கருவிகளாகக் கொண்ட அறிதுயில் பழக்கத்தைத் தொட முடியும் என எதிர்பார்ப்பது நியாயமானதே. இதற்கு ஆதாரமாக அமீர் ராஸ் 2002இல் வெளியிட்ட சோதனையைக் குறிப்பிடலாம். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சிடப்பட்டிருக்க, மையின் நிறத்தைக் கூறுமாறு கேட்டால் எழுத்தறிந்த எவரும் தாமதிப்பர். வாசித்தல் என்பது தடுக்க இயலாத பழக்கமாகிவிட்டதே அதற்குக் காரணம். உயர்ந்த ஏற்புத்திறன் உடையவர்களிடம், நீங்கள் காணப்போவது பொருளற்ற அந்நிய எழுத்துகள் என முன்கூட்டியே கருத்தேற்றம் செய்யப்பட்டபோது அத்தாமதம் மறைந்துபோனது. ஆண்டுக்கணக்கில் வேரூன்றிய தானியங்குச் செயலொன்றைக் கருத்தேற்றம் சற்று நிறுத்திவைக்க வல்லது என்பதை இது காட்டுகின்றது. ஆனால் நிறுத்திவைத்தல் வேறு, அழித்தல் வேறு. அச்சோதனையில் பங்குபற்றியோர் வாசிக்கத் தெரியாதவர்களாகி வீடு திரும்பவில்லை.

புகைத்தல்: ஓர் உரைகல்

பழக்க மாற்றத்துக்கான அறிதுயில் பிரயோகத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்டுள்ளவற்றுள் ஒன்று புகைத்தலாகும். நியூயோர்க் மருத்துவர் ஹேர்பட் ஸ்பீகல் வகுத்த முறை இதில் புகழ்பெற்றது. அவரது கருத்தேற்றம் 'புகைக்காதே' எனத் தடை விதிப்பதில்லை. ஒன்றை நினைக்காதே எனும் கட்டளை அதையே நினைவூட்டும் என்பதால், புகை தன் உடலுக்கு நஞ்சு, வாழ்வதற்குத் தன் உடல் தேவை, ஆகவே அதனைப் பேணிக் காப்பது தன் கடமை என்ற கருத்தில் உள்ளத்தைக் குவியச் செய்வதே அதன் சாரம். உடலை அமானிதமாகக் கருதும் வாசகருக்கு இது அந்நியமானதன்று. இக்கருத்தைத் தாமே நாள்தோறும் பலமுறை புதுப்பித்துக்கொள்ளும் வகையில் சுய அறிதுயிலும் நோயாளிக்குக் கற்பிக்கப்படுகின்றது.

இம்முறையால் ஓர் அமர்வில் பயிற்சிபெற்ற 226 புகைப்பாளரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 1993இல் வெளியானது. ஒரு வாரத்தின் பின் 52 வீதத்தினர் புகைக்காதிருந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் அத்தொகை 23 வீதமாக இருந்தது. இவ்விரு எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். விளம்பரங்கள் முதல் எண்ணைப் போன்றவற்றையே எடுத்துக்காட்டுகின்றன. இரண்டாவது எண் ஒரு குடும்பத்துக்கு மிகப் பெரிய நன்மையே, எனினும் அது 'உறுதியான விடுதலை' அன்று. மேலும், சீட்டுக் குலுக்கலை ஒத்த முறையில் பிரிக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழு அவ்வாய்வில் இருக்கவில்லை. அத்தகைய குழுக்களைக் கொண்ட 14 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபற்றிய 1,926 பேரையும் கணக்கில் எடுத்த கொக்ரேன் மீளாய்வு, மற்றைய நடத்தைசார் உதவிகளை விட அறிதுயில் மேலானது எனக் கூறப் போதிய சான்றில்லை என 2019இல் முடிவு கூறியது. பயனற்றது என நிறுவப்பட்டுவிட்டதாக இதற்குப் பொருளில்லை. ஆனால் நிக்கோட்டின் மாற்றீடுகள், வரெனிக்ளின் போன்ற மருந்துகள், ஆலோசனை ஆகியவற்றுக்குள்ள வலுவான சான்று இதற்கு இன்னும் இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறு சில துறைகளில் அறிதுயிலின் நிலை இதைவிட உறுதியானது. எரிச்சலுறும் குடல் நோய்க்கு மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984இல் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து சான்றுகள் திரண்டன. மருந்துகளால் ஓராண்டாகியும் பயன்பெறாத நோயாளிக்கு இதனைப் பரிசீலிக்கலாம் என இங்கிலாந்தின் வழிகாட்டல் 2008இல் பரிந்துரைத்தது.

ஆகவே பழக்க மாற்றத்தில் அறிதுயிலின் தகுந்த இடம் எது? அது முடிவெடுப்பதில்லை, எடுத்த முடிவைக் கூர்மைப்படுத்துகின்றது. அமைதியான ஓரிடத்தில் அமர்ந்து, மூச்சில் கவனத்தைக் குவித்து, உடல் தளர்ந்தபின், தன்னை வழமையாக வீழ்த்தும் சூழலை ஒருவர் உள்ளத்தில் தெளிவாகக் காண்கின்றார். அச்சூழலில் சிகரட்டுக்குப் பதிலாகத் தான் செய்யப்போவதை, அதாவது ஒரு குவளை நீர் அருந்துவதை, எழுந்து நடப்பதை, நண்பரிடம் "விட்டுவிட்டேன்" எனக் கூறுவதை, நடந்தேறியது போலவே காண்கின்றார். இவ்வாறு சில நிமிடங்கள் நாள்தோறும் ஒத்திகை பார்ப்பதே சுய அறிதுயிலின் பயன்மிகு வடிவம். கஸ்ஸாலியின் எழுத்தர் கையால் செய்யும் பயிற்சிக்கு முன்னர், உள்ளத்தால் செய்யும் பயிற்சி இது. கையால் செய்யும் பயிற்சிக்கு மாற்றீடு அன்று.

எச்சரிக்கைகள்

மேடைக் காட்சிகளைக் கண்டு இதனை மதிப்பிடுவது தவறு. அங்கு நிகழ்த்துபவர் முதலில் சிறு சோதனைகள் மூலம் உயர்ந்த ஏற்புத்திறன் உடையவர்களையும் அரங்கில் தோன்ற விரும்புபவர்களையும் தெரிந்தெடுத்துக் கொள்கின்றார். மறுபுறம், அறிதுயிலில் எவரையும் விருப்பத்துக்கு மாறாக எதுவும் செய்யவைக்க இயலாது என்று பொதுவாகக் கூறி நிம்மதி அடைவதும் போதாது. ஓர்னும் எவன்ஸும் 1965இல் வெளியிட்ட சோதனையில், அறிதுயிலுக்கு உட்பட்டோர் கட்டளைக்கிணங்க நச்சுப் பாம்பைப் பிடிக்கவும் அமிலத்தில் கையிடவும் முன்வந்தனர். மறைவான பாதுகாப்பு ஏற்பாடுகளால் தீங்கு நேரவில்லை. அறிதுயிலுக்கு உட்பட்டதாக நடிக்குமாறு கூறப்பட்டவர்களும் அதையே செய்தனர். அபாயம் அறிதுயிலில் இல்லை, நம்பிக்கைக்குரியவராகத் தோன்றும் ஒருவருக்கு மனிதர் கீழ்ப்படியும் இயல்பிலேயே உள்ளது என்பது இதன் படிப்பினை. எனவே தகுதிபெற்ற வைத்தியரையோ உளவியலாளரையோ நாடுவதும், தேவையெனில் உறவினர் ஒருவரை உடன் வைத்திருப்பதும் விவேகமாகும்.

மறந்த நினைவுகளை மீட்க இதனைக் கையாள்வது மற்றொரு ஆபத்து. இந்நிலையில் கற்பனை வலுப்பெறுவதால் நடவாதவையும் நடந்தவையாக உறுதிபெறக்கூடும். அறிதுயிலால் மீட்கப்பட்ட நினைவுகள் நம்பகமானவை அல்ல என அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பேரவை 1985இலேயே எச்சரித்தது. மாயத்தோற்றங்களோடு கூடிய தீவிர உளநோய் உள்ளவர்கள் தம் மருத்துவரின் ஆலோசனையின்றி இதற்கு உட்படலாகாது. விடாத வலியையோ இருமலையோ காரணம் கண்டறியப்படும் முன்னர் கருத்தேற்றத்தால் மூடி மறைப்பதும் தகாது.

முடிவாக

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்டவரிடம் மீண்டும் வருவோம். நிக்கோட்டின் விலகலின் அறிகுறிகள் முதல் வாரத்தில் உச்சமடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடுகின்றன. அவர் அக்கடினமான காலத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டிருந்தார். அந்த மூன்று வாரங்களும் எவரோ அவருக்குள் செலுத்திய சக்தியின் பயன் அல்ல. அவை அவரது சொந்தக் கவனத்தின், சொந்த முடிவின் பயன். எனவே இறங்கிப்போவதற்கு அங்கு வேறொருவரின் சக்தி எதுவும் இருக்கவில்லை. துயரமும் இரவும் பழைய நண்பரும் ஒன்றுகூடிய அந்த ஜனாஸா வீட்டுக்காக மட்டும் அவர் தம்மைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை. ஒரே அமர்வில் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவரிடம் கூறப்பட்டிருந்ததே அதற்குக் காரணம்.

இதனை அவரிடம் எடுத்துக் கூறியபோது சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "அப்படியானால் அந்த மூன்று வாரமும் நான்தான் விட்டிருக்கிறேன்" என்றார். ஆம், அதுவே உண்மை. ஒருவரிடம் இல்லாத ஆற்றலை எந்த நிபுணராலும் அவருக்குள் செலுத்த இயலாது. அவரிடம் ஏற்கனவே உள்ளதை அவர் காணச் செய்வதும், அதனை நாள்தோறும் பயிலக் கற்பிப்பதுமே இத்துறையால் ஆற்றக்கூடிய பணியாகும். அவ்வளவில் அதனை அறிந்து நாடுபவர் ஏமாற்றப்படுவதுமில்லை, தவறி விழுந்த நாளில் தம்மைத் தாமே கைவிடுவதுமில்லை.